வீட்டு பிளானை நடுவுல மாத்தினா எத்தனை நாள் தள்ளும்? கணக்கு போட்டே பார்த்துடலாம்

ஹோம் லோன் பற்றி எந்த வீடியோ போட்டாலும், கீழே ஒரு கேள்வி தவறாம வருது. "அஞ்சு மாசத்துல சாவி தரேன்னாரு. ஆறரை மாசம் ஆச்சு. கான்ட்ராக்டர்கிட்ட எவ்வளவு பிடிச்சுக்கலாம்?"

இதுக்கு நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். நடுவுல பிளான் எத்தனை தடவை மாத்தினீங்க?

புதுக்கோட்டை மாவட்டத்துல இந்தக் கேள்விக்குத் தனி எடை இருக்கு. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், பொன்னமராவதி பக்கம் எழும்புற வீடுகள்ல நிறைய வீடு சிங்கப்பூர்லயும் வளைகுடாவிலயும் உழைக்கிறவங்க அனுப்பின காசு. வீட்டுக்காரர் அங்கே, கொத்தனார் இங்கே, நடுவுல அப்பாவோ மச்சானோ மேற்பார்வை. ராத்திரி வீடியோ கால்ல சுவரைப் பார்த்துட்டு, காலையில ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, கிச்சனை அந்தப் பக்கம் போட்டுருங்க." அந்த மெசேஜ்ல மாற்றம் இருக்கும், தேதி இருக்காது. "இதனால எத்தனை நாள் தள்ளும்"ங்கிற கேள்வி யார் வாயிலேயும் வராது. கடைசியில, மாத்தச் சொன்ன நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது, தள்ளிப்போன நாள் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த மொத்த நாளும் கான்ட்ராக்டர் தலையில விழும், இல்லேன்னா அவர் மொத்தத்தையும் உங்க தலையில போடுவார்.

ரெண்டுமே தப்பான கணக்கு. சரியான கணக்கு ஒண்ணு இருக்கு. பெரிய பெரிய பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் போடுற கணக்குதான், நம்ம ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

வேலை நாள் வேற, தாமத நாள் வேற

முதல்ல இதை மனசுல ஏத்திக்கோங்க. ஒரு மாற்றத்தைச் செய்ய 12 நாள் ஆச்சுன்னா, வீடு 12 நாள் தள்ளிப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. அது 12 நாளும் தள்ளலாம், 7 நாள் தள்ளலாம், ஒரு நாள்கூடத் தள்ளாமலும் போகலாம்.

காரணம் எளிமையானது. வீட்டு வேலையில சிலது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாத்தான் வரும். பில்லர் நிக்காம பெல்ட் இல்லை, ஒட்டு போட்டு பலகை பிரிக்காம உள்பூச்சு இல்லை, பூச்சு முடியாம டைல்ஸ் இல்லை. இந்தச் சங்கிலியில எந்தக் கண்ணி தள்ளினாலும் கடைசித் தேதி தள்ளும். இதைத்தான் இன்ஜினியர்கள் கிரிட்டிகல் பாத்னு சொல்றாங்க. 1950களின் கடைசியில அமெரிக்காவில டுபான்ட் கம்பெனி தன்னோட ரசாயன ஆலை வேலைகளைத் திட்டமிட உருவாக்கின முறை இது. மீதி வேலைகள், உதாரணமா காம்பவுண்டு சுவர், கிச்சன் கப்போர்டு டிசைன், கேட்டு, இதெல்லாம் பக்கவாட்டுல ஓடும். அதுல கொஞ்சம் தாமதம் ஆனாலும் தாங்கும். அந்தத் தாங்கும் நாளுக்கு ஃப்ளோட்னு பேரு. நம்ம பாஷையில கையிருப்பு நாள்னு வச்சுக்கலாம். பேங்க் பேலன்ஸ் மாதிரிதான், இருக்கிற வரைக்கும் எடுக்கலாம், தீர்ந்ததுக்கு அப்புறம் எடுத்தா கடன்.

இப்போ ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கற்பனை வீடுதான், ஆனா கணக்கு நிஜம். புதுக்கோட்டை டவுனை ஒட்டி ஒரு தரைத்தள வீடு, 1,000 சதுர அடி. மார்ச் 10 அன்னைக்கு வேலை ஆரம்பம்.

அஸ்திவாரம், பில்லர், கீழ் பெல்ட்: 35 நாள், ஏப்ரல் 13 வரை
கட்டுவேலை: 25 நாள், மே 8 வரை
சென்ட்ரிங், கம்பி கட்டி ஒட்டு போடுறது: 14 நாள், மே 22 வரை
பலகை பிரிக்கக் காத்திருப்பு: 18 நாள், ஜூன் 9 வரை
வயரிங் காடி, பூச்சு: 30 நாள், ஜூலை 9 வரை
டைல்ஸ்: 15 நாள், ஜூலை 24 வரை
பட்டி, பெயிண்ட், ஃபிட்டிங்: 20 நாள், ஆகஸ்ட் 13 வரை

மொத்தம் 157 நாள். ஆகஸ்ட் 17 வாக்குல ஆவணி பிறக்குது. முதல் முகூர்த்தத்துலயே பால் காய்ச்சிடலாம்னு வீட்டுல முடிவு. ஆவணி முடியறது செப்டம்பர் 16. அதாவது ஆகஸ்ட் 13-க்கு மேல 34 நாள் தள்ளினாலும் ஆவணிக்குள்ள குடி போயிடலாம். அந்த 34 நாள்தான் இந்த வீட்டின் கையிருப்பு.

இனி மாற்றங்கள் வருது.

முதல் மாற்றம், கட்டுவேலை நடக்கும்போது. யாரோ வாஸ்து பார்த்துச் சொன்னதால சமையலறையும் பூஜை அறையும் இடம் மாறணும். புது பிளான் வரைஞ்சு வர 4 நாள், சுவரை இடிக்க 3 நாள், திரும்பக் கட்ட 5 நாள். ஆக 12 நாள். ஆனா பிளான் வர்ற வரைக்கும் கொத்தனார் சும்மா உட்காரலை. படுக்கையறைப் பக்கம் கட்ட வேண்டியது 5 நாள் வேலை பாக்கி இருந்தது, அதைக் கட்டிக்கிட்டிருந்தார். அந்த 5 நாளைக் கழிச்சா, சங்கிலி உண்மையில தள்ளினது 7 நாள்.

ரெண்டாவது மாற்றம், ஒட்டு போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கார் வாங்கப் போறோம், போர்டிகோவை நடுவுல தூண் இல்லாம அகலமா எடுங்கன்னு போன். இப்போ பீம் நீளம் 20 அடியைத் தாண்டுது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிராயிங் தர 7 நாள், கூடுதல் கம்பி வேலை 3 நாள். இதோட முடியலை. ஐஎஸ் 456 விதிப்படி 6 மீட்டருக்குள்ள இருக்கிற பீமுக்கு முட்டு 14 நாள் இருந்தா போதும், 6 மீட்டரைத் தாண்டினா 21 நாள் நிக்கணும். 18 நாள்ல பிரிக்க இருந்ததை இப்போ 22 நாளா ஆக்கியாச்சு, இன்னொரு 4 நாள். ஆக 14 நாள். இதுல ஒரு நாள்கூடத் தப்பிக்க வழியில்லை, முழுசா சங்கிலி மேலேயே விழுது. (இந்த 4 நாளை மிச்சம் பிடிக்கிறேன்னு முட்டை முன்கூட்டியே எடுக்கச் சொல்றவங்க இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம்.)

மூணாவது, கிச்சன் கப்போர்டு டிசைன். மூணு தடவை மாத்தி 20 நாள் இழுத்தாச்சு. வீட்டுல பெரிய சண்டையே இதுக்குத்தான். ஆனா அந்த 20 நாளும் பூச்சு வேலை ஓடிக்கிட்டிருந்தது. வீடு தள்ளின நாள்: பூஜ்யம்.

நாலாவது, ஹாலுக்கு டைல்ஸ் வேண்டாம், கிரானைட் போடுங்க. கல்லைத் தேர்ந்தெடுத்து, அறுத்து, வண்டியேத்தி வர 10 நாள். இதைப் பூச்சு வேலை பாதியில இருக்கும்போதே சொல்லியிருந்தா ஒரு நாள்கூடத் தள்ளியிருக்காது. டைல்ஸ் ஆள் வந்து இறங்கின அன்னைக்குச் சொன்னதால 10 நாளும் முழுசா தள்ளுது. அதே மாற்றம், அதே கல், அதே விலை. சொன்ன தேதி மட்டும்தான் வேற.

இந்த 10 நாள்ல இன்னொரு கூத்தும் நடந்தது. எலக்ட்ரீசியன் 6 நாள் வரலை. "பாத்தீங்களா, எலக்ட்ரீசியனாலதான் தாமதம்"னு சொல்ல ஆசையா இருக்கும். ஆனா அவர் வந்திருந்தாலும் கிரானைட் வந்திருக்காது. ஒரே காலத்துல ரெண்டு பக்கமும் தாமதம்னா அதை ரெண்டு தடவை எண்ணக்கூடாது. அந்த 6 நாள் இந்த 10 நாளுக்குள்ளயே அடங்கிடுச்சு.

கூட்டிப் பாருங்க. மாற்றங்களுக்கு ஆன வேலை நாள் 12, 14, 20, 10, மொத்தம் 56. வீடு உண்மையில தள்ளினது 7, 14, 0, 10, மொத்தம் 31. ஆகஸ்ட் 13-லிருந்து 31 நாள் போனா செப்டம்பர் 13. ஆவணி முடிய இன்னும் 3 நாள் கையில இருக்கு. மூச்சு வாங்கிட்டு நிக்கிறோம்.

அப்போ பெயிண்டர் ஊர்த் திருவிழாவுக்குப் போய் 6 நாள் கழிச்சு வர்றார். வீடு முடியற தேதி செப்டம்பர் 19. புரட்டாசி பிறந்தாச்சு. புரட்டாசியில குடி போக மாட்டோம்னு அம்மா சொல்லிட்டாங்க. அடுத்தது ஐப்பசிதான், அக்டோபர் 20 வாக்குல நல்ல நாள். ஆகஸ்ட் 21-க்கு நினைச்சது அக்டோபர் 20-க்குப் போயிடுச்சு, 60 நாள்.

இப்போ யாரால தாமதம்?

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. "நான் மட்டும் பிளானை மாத்தலைன்னா என்ன ஆகியிருக்கும்"னு பின்னாடி திரும்பிப் பார்க்கிற முறை ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுப் பாருங்க. உங்க 31 நாளை எடுத்துட்டா, பெயிண்டரோட 6 நாளோட ஆகஸ்ட் 19-க்கு வீடு முடிஞ்சிருக்கும், ஆவணிக்குள்ள. அப்போ தப்பு உங்க மேல. சரி, பெயிண்டரோட 6 நாளை எடுங்க. செப்டம்பர் 13, அதுவும் ஆவணிக்குள்ள. அப்போ தப்பு கான்ட்ராக்டர் மேல. ஒரே முறை, ரெண்டு பேரையும் குற்றவாளி ஆக்குது, ரெண்டு பேரையும் விடுதலையும் பண்ணுது. பஞ்சாயத்துல உட்கார்ந்தா விடிய விடிய பேசலாம்.

அதனாலதான் பெரிய ப்ராஜெக்ட்கள்ல கடைசியில திரும்பிப் பார்க்காம, ஒவ்வொரு கட்டமா, நடந்த வரிசையிலேயே அளக்கிறாங்க. பிரிட்டன்ல இருக்கிற கட்டுமானச் சட்டச் சங்கம் தாமதம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கு. 2002-ல முதல் பதிப்பு, 2017-ல ரெண்டாவது. உலகம் முழுக்க பெரிய ஒப்பந்தச் சண்டைகள்ல எடுத்துப் பேசுறது அதைத்தான். அதுல ஒரு முக்கியமான கருத்து: ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா கையிருப்பு நாள் வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, கான்ட்ராக்டருக்கும் சொந்தமில்லை, அது வேலைக்குச் சொந்தம். யார் முதல்ல எடுக்கிறாங்களோ எடுத்துக்கலாம். தீர்ந்த பிறகு எடுக்கிறவர் பதில் சொல்லணும்.

நம்ம வீட்டுக்கு இதைப் போட்டா, பதில் ஒப்பந்தத்துல எந்தத் தேதி எழுதியிருக்குங்கிறதைப் பொறுத்து மாறும். "ஆகஸ்ட் 13-க்குள் முடித்துத் தரவேண்டும்"னு எழுதியிருந்தா, அந்தத் தேதிக்குக் கையிருப்பே கிடையாது. உங்க மாற்றங்களுக்கு 31 நாள் நீட்டிப்பு கொடுத்தே ஆகணும், புதுக் கெடு செப்டம்பர் 13. கான்ட்ராக்டர் தாமதம் 6 நாள். "ஆவணி முடிவதற்குள்"னு எழுதியிருந்தா, 34 நாள்ல 31-ஐ நீங்க முதல்ல எடுத்துட்டீங்க, மிச்சம் 3. அவர் எடுத்தது 6. அவரோட தாமதம் 3 நாள்.

ஆக, கண்ணுக்குத் தெரியறது 37 நாள் தாமதம். கான்ட்ராக்டர்கிட்ட கேட்க முடிஞ்சது 6 நாள், இல்லேன்னா 3 நாள். முதல் கேள்விக்கு இதுதான் பதில். கசக்கத்தான் செய்யும்.

பெரிய இடத்துக் கதைகள்

வீட்டுக்குத்தானே இவ்வளவு பேசுறோம்னு நினைக்காதீங்க. சிட்னி ஓபரா ஹவுஸ் தெரியும்ல? 1957-ல டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் டிசைன் போட்டியில ஜெயிச்சார். 1959-ல வேலை ஆரம்பிச்சாங்க. 1963-ல முடிக்கணும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்னு கணக்கு. முடிஞ்சது 1973, ஆன செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். அந்தக் கூரையை எப்படிக் கட்டறதுன்னு முடிவாகாமலேயே அடித்தளம் போட ஆரம்பிச்சிட்டாங்க. கூரையின் வடிவம் கடைசியில தீர்மானமானப்போ, அதோட எடைக்கு ஏத்த மாதிரி ஏற்கனவே நின்ன தாங்குதூண்களைத் திரும்பப் பலப்படுத்த வேண்டியதாச்சு. "முதல்ல அஸ்திவாரத்தைப் போடுவோம், மாடியை அப்புறம் யோசிப்போம்"னு நம்ம ஊர்ல சொல்றாங்க இல்லையா, அதோட ஆஸ்திரேலியப் பதிப்பு.

நம்ம பக்கத்துல, சென்னை துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில அடிக்கல். கூவம் ஓரமா தூண்களும் எழுந்தது. 2012-ல, தூண்கள் ஆத்தோட நீரோட்டத்தைத் தடுக்குதுன்னும் ஒப்புதல் வாங்கின வடிவத்துக்கு மாறா இருக்குன்னும் சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தினது. வருஷக்கணக்கா அந்தத் தூண்கள் மொட்டையா நின்னதை அந்தப் பக்கம் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க. பிறகு ஈரடுக்குப் பாலமா டிசைனையே மாத்தி, 2022 மே மாசம் திரும்ப அடிக்கல். 1,815 கோடின்னு இருந்த மதிப்பு 5,800 கோடியைத் தாண்டிடுச்சு.

இதைப் பார்த்துட்டு, "டிசைனை மாத்தினதால பத்து வருஷம் தாமதம்"னு ஒரே வரியில சொன்னா அது அளவு ஆகாது. அந்தப் பத்து வருஷத்துல வழக்கு நடந்த காலம் இருக்கு, அனுமதிக்குக் காத்திருந்த காலம் இருக்கு, அரசாங்கங்கள் ஒத்துப்போகாத காலம் இருக்கு, புது டிசைன் போட்ட காலமும் இருக்கு. ஒவ்வொண்ணும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைன்னு பிரிச்சாத்தான் டிசைன் மாற்றத்தோட பங்கு தெரியும். செலவு ஏறினதும் அப்படித்தான். கொஞ்சம் புது வடிவத்துக்காக, கொஞ்சம் விலைவாசிக்காக. நாலையும் ஒரே மூட்டையில கட்டினா யார் மேலயும் பழி போடலாம்.

நம்ம மாவட்டத்துக்குப் பிரிச்சுப் பார்க்கறது இன்னும் அவசியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், செங்கல் சூளையும் படுத்திடும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்போ வாரக்கணக்கா பல ஊர்ல கரண்டே இல்லை. அந்த மாதிரி நாள் வீட்டுக்காரர் கணக்கிலேயும் வராது, கான்ட்ராக்டர் கணக்கிலேயும் வராது, தனிக் காலம் போட்டு எழுதணும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஆகஸ்ட்ல முடிய வேண்டிய வெளிப்பூச்சு உங்க மாற்றத்தால அக்டோபருக்குப் போய், அங்கே மழையில 8 நாள் நின்னா, அந்த 8 நாள் மழைக் கணக்கா, மாற்றக் கணக்கா? என்னைக் கேட்டா மாற்றக் கணக்குதான். மழை வரும்னு ஊருக்கே தெரியும், வேலையை மழைக்குள்ள தள்ளினது மாற்றம்.

ஒரு நாளோட விலை

சரி, காசுக்கு வருவோம். நம்ம வீட்டுக்கு 20 லட்சம் லோன், 8.5 சதவீதம் வட்டி. ஆகஸ்ட் வரைக்கும் 18 லட்சம் வங்கி கொடுத்தாச்சு. வீடு முடியற வரைக்கும் இஎம்ஐ கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டி மட்டும், அதாவது ப்ரீ இஎம்ஐ. மாசம் 12,750 ரூபாய். ஒரு நாளைக்கு 425. இப்போ இருக்கிற வீட்டு வாடகை மாசம் 7,000, ஒரு நாளைக்கு 233. கூட்டினா ஒரு நாள் தாமதத்தோட விலை 658 ரூபாய்.

"வட்டி எப்படியும் கட்டத்தானே போறோம், அதை ஏன் தாமதக் கணக்குல சேர்க்கறீங்க"ன்னு சிலர் கேட்பீங்க. நல்ல கேள்வி. ப்ரீ இஎம்ஐ கட்டற மாசங்கள்ல அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இஎம்ஐ அட்டவணை மொத்தமும் அப்படியே பின்னாடி நகருது. அதனால அந்த வட்டி முழுக்க மேல்செலவுதான். ஆனா லோன் வாங்கின முதல் மாசத்திலேயே முழு இஎம்ஐ கட்ட ஆரம்பிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவங்க வாடகையை மட்டும் எடுத்துக்கோங்க. இன்னொண்ணு, ப்ரீ இஎம்ஐ எத்தனை மாசம் வரைக்கும்னு உங்க சாங்ஷன் லெட்டர்ல ஒரு வரம்பு இருக்கும். வீடு முடியலைன்னாலும் அந்த மாசம் வந்தா முழு இஎம்ஐ ஆரம்பிச்சிடும். வாடகையோட சேர்த்து அதைத் தாங்க முடியுமான்னு இப்பவே பாருங்க.

658-ஐ வச்சு மாற்றங்களுக்கு விலை போடுவோம். சமையலறை மாற்றம் 7 நாள், 4,606 ரூபாய். போர்டிகோ 14 நாள், 9,212. கிரானைட் 10 நாள், 6,580. கப்போர்டு, பூஜ்யம். இதெல்லாம் நாளோட விலை மட்டும். இடிச்ச கூலி, செங்கல், கம்பி, கிரானைட் காசு எல்லாம் தனி. கான்ட்ராக்டர் தர்ற எக்ஸ்ட்ரா பில்லுல அந்தத் தனிக்காசு மட்டும்தான் இருக்கும். நாளோட விலை எந்த பில்லுலயும் வராது, உங்க பாஸ்புக்ல மட்டும்தான் வரும்.

ஆனா எல்லா நாளுக்கும் ஒரே விலை இல்லை. ஆவணி கடைசியைத் தாண்டின அந்த 3 நாளைப் பாருங்க. அதனால குடிபோறது செப்டம்பர் 16-லிருந்து அக்டோபர் 20-க்குப் போச்சு, 34 நாள். 658 வீதம் 22,372 ரூபாய். மூணே மூணு நாளுக்கு! இதுல சிங்கப்பூர்ல லீவு போட்டு எடுத்த டிக்கெட்டை மாத்தின செலவு சேரலை.

அப்போ அந்த 22,372-ஐ கான்ட்ராக்டர்கிட்ட கேட்கலாமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73 என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தம் மீறப்பட்டா இயல்பா வர்ற நஷ்டத்தைக் கேட்கலாம், இல்லேன்னா ஒப்பந்தம் போடும்போதே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்த நஷ்டத்தைக் கேட்கலாம். புரட்டாசியில நீங்க குடிபோக மாட்டீங்கங்கிறது அவருக்குத் தெரியும்னு எப்படிக் காட்டுவீங்க? "ஆவணிக்குள் கிரகப்பிரவேசம், தவறினால் ஐப்பசிதான்"னு ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு வரி இருந்தா பேசலாம். இல்லேன்னா 6 நாள் வாடகையோட பேச்சு முடிஞ்சிடும்.

அதே சட்டத்துல பிரிவு 55 இன்னும் முக்கியம், பல பேருக்குத் தெரியாது. கெடு முக்கியம்னு போட்ட ஒப்பந்தத்துல, கெடு தாண்டின பிறகும் "சரி, முடிச்சுக் கொடுங்க"ன்னு நீங்க ஏத்துக்கிட்டா, அந்தத் தாமதத்துக்குப் பின்னாடி நஷ்டஈடு கேட்க முடியாது. கேட்கணும்னா, ஏத்துக்கிற அன்னைக்கே "நஷ்டஈடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கலை"ன்னு தெரிவிச்சிருக்கணும். சாவி வாங்கும்போது சிரிச்சு கைகொடுத்துட்டு, அடுத்த மாசம் கடைசித் தவணையில 50,000 பிடிச்சா, சட்டம் உங்க பக்கம் நிக்கிறது கஷ்டம். பெரிய தொகை மாட்டியிருந்தா வக்கீலைப் பாருங்க, இந்தப் பதிவை மட்டும் நம்பிப் போகாதீங்க.

அளக்கிறது எப்படி

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்துல மேல சொன்ன ஏழு வரி மாதிரி உங்க வீட்டு அட்டவணை, தேதியோட. வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கே இன்ஜினியர்கிட்டயும் கான்ட்ராக்டர்கிட்டயும் கையெழுத்து. இது இல்லாம ஆரம்பிச்சா பின்னாடி அளக்க எதுவுமே இருக்காது. அளவுகோல் இல்லாம துணி வாங்கின கதைதான்.

அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கம். எந்தத் தேதியில யார் கேட்டது, அன்னைக்கு வேலை எந்தக் கட்டத்துல நின்னது, மாற்றம் இல்லேன்னா அன்னைய நிலவரப்படி வீடு என்னைக்கு முடியும், மாற்றத்தோட என்னைக்கு முடியும். இந்த ரெண்டு தேதிக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மாற்றத்தோட தாமதம். கவனிங்க, முதல் நாள் போட்ட ஆகஸ்ட் 13-லிருந்து எண்ணக் கூடாது, அன்னைய நிலவரத்திலிருந்து எண்ணணும். ஏற்கனவே கான்ட்ராக்டர் 5 நாள் பின்தங்கியிருந்தா, அந்த 5 நாள் உங்க மாற்றத்துக்குள்ள ஒளிஞ்சுக்கக் கூடாது. அதே மாதிரி உங்க பழைய மாற்றம் அவர் தலையில ஏறக் கூடாது.

அதை எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க. "போர்டிகோ மாற்றம், 14 நாள் கூடும், புதுத் தேதி செப்டம்பர் 3, சரியா?" அவர் "சரி"ன்னு போட்டா அதுவே ஒரு பதிவு. (செப்டம்பர் 3 எப்படின்னு யோசிக்கிறவங்களுக்கு: ஆகஸ்ட் 13-ல சமையலறையோட 7 நாள் ஏற்கனவே சேர்ந்து ஆகஸ்ட் 20 ஆகியிருந்தது.) வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு யாரும் 300 வாய்ஸ் மெசேஜைத் தேடிக் கேட்க மாட்டாங்க.

ஆள் போன கதையையும் எழுதுங்க. பிளானுக்காக 4 நாள் நிறுத்தினா, கொத்தனார் செட்டு வேற சைட்டுக்குப் போயிடும். 4 நாள் கழிச்சு நீங்க கூப்பிட்டா அவங்க வர 8 நாள் ஆகலாம். அந்தக் கூடுதல் நாள் யார் கணக்கு? நிறுத்தினது உங்க மாற்றம்னா பெரும்பாலும் உங்க கணக்குதான். அதனால பிளான் மாத்தணும்னா வேலையை நிறுத்தாம, வேற எந்தப் பக்கம் வேலை கொடுக்கலாம்னு முதல்ல பாருங்க. நம்ம உதாரணத்துல 12 நாளை 7 நாளாக் குறைச்சது அதுதான்.

அப்ரூவல் பக்கமும் ஒரு கண்ணு வேணும். 2024 ஜூலையில தமிழக அரசு கொண்டு வந்த சுயசான்று முறையில, 2,500 சதுர அடி வரை மனையில 3,500 சதுர அடிக்குள்ள கட்டற வீட்டுக்கு ஆன்லைன்ல உடனே அனுமதி கிடைச்சிடும். உடனே கிடைச்சதாலேயே பலர் அதை மறந்துடறாங்க. அனுமதி உங்க கையிலிருக்கிற அந்த வரைபடத்துக்குத்தான். அடுத்த தவணை விடுவிக்க வர்ற வங்கி இன்ஜினியர் கையிலும் அதே வரைபடம்தான் இருக்கும். போர்டிகோ ரோட்டுப் பக்கம் 4 அடி நீண்டிருந்தா பணம் நிக்கும். பணம் நின்னா வேலை நிக்கும், அந்த நாளும் போர்டிகோ பக்கத்துலதான் எழுதணும்.

கடைசியா வரி. தாமதம் மாசக்கணக்குல இருந்தா இது தொடாது, வருஷக்கணக்குல இழுத்தா கடிக்கும். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, குடியிருக்கிற வீட்டு லோன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு. ஆனா லோன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள வீடு முடிஞ்சிருக்கணும், தாண்டினா அந்தக் கழிவு 30,000 ஆயிடும். அடுத்து, பூர்வீக நிலத்தையோ மனையையோ வித்து, மூலதன ஆதாய வரியைத் தவிர்க்க வீடு கட்டறவங்க. இவங்களுக்கு வித்த தேதியிலிருந்து 3 வருஷம்தான் கெடு. பங்காளிக்குள்ள பேசி, பத்திரம் முடிஞ்சு, பிளான் போடவே ஒரு வருஷம் போயிருக்கும். இந்த ரெண்டு வகையில நீங்க இருந்தா, நோட்டோட முதல் பக்கத்துல கிரகப்பிரவேசத் தேதிக்குக் கீழே இந்தக் கெடு தேதியையும் சிவப்பு மையில எழுதி வைங்க. கட்டி முடிச்சதுக்கான சான்று, சொத்துவரி ரசீது, வீட்டு மின் இணைப்பு மாறின தேதி எல்லாம் அந்த நோட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஆடிட்டர் கேட்கிறது அதைத்தான்.